திரைக்கான பஃபரை கெர்னல் டிரைவரில் யார் கணக்கில் வைப்பது?

கேள்வி மேலூர்ப் பக்கம் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பியிடமிருந்து வந்தது. (பஃபர் என்றால் திரையில் காட்டும் படம் தங்கும் மெமரித் துண்டு. கெர்னல் லினக்ஸின் மையப்பகுதி, டிரைவர் ஒரு சாதனத்தை ஓட்டும் அதன் துண்டு.) சுருக்கிச் சொன்னால் இதுதான்: "அண்ணா, சின்ன ஆர்ம் போர்டில் 800×480 எல்சிடி ஒன்றை மாட்டி அதற்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் கேமேலாக் என்ற கெர்னல் ஃபங்ஷனில் மெமரி வாங்கி, அந்த முகவரியை டிஸ்பிளே கன்ட்ரோலரிடம் கொடுக்கிறேன். பூட் ஆனதும் நன்றாக ஓடுகிறது. அரை நாள் கழித்து 'பேஜ் அலோகேஷன் ஃபெய்லியர், ஆர்டர் 9' என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஆனால் 200 எம்பிக்கு மேல் காலியாக இருப்பதாகத்தான் காட்டுகிறது. அப்புறம் திரையில் அங்கங்கே சின்னச் சின்னக் கோடாகப் பழைய படம் எட்டிப் பார்க்கிறது. ஆப்பைக் கொன்றாலும் மெமரி திரும்பி வருவதில்லை. எல்லோரும் ஜெம் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மெமரி வாங்குவதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், தம்பி. மெமரி வாங்குவது இதில் அரை மணி நேர வேலை. வாங்கிய மெமரியை இப்போது யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கடைசி ஆள் எப்போது கையை எடுக்கிறார் என்ற கணக்குதான் மிச்ச வேலை முழுவதும். லினக்ஸ் கெர்னலில் கிராபிக்ஸ் பஃபர்களுக்கான ஜெம் (GEM) அந்தக் கணக்குப் புத்தகம். உங்கள் மூன்று தொல்லைகளில் ஒன்று மெமரி வாங்கிய இடத்தால் வந்தது, இன்னொன்று கேஷால், அதாவது சிபியு தன் பக்கத்தில் வைத்திருக்கும் வேகமான சின்ன மெமரியால், வந்தது. மூன்றாவதுதான் புத்தகமே இல்லாததால் வந்தது. அதில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் அதில் நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன்.

முதலில் அந்த ஆர்டர் 9. 800×480 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 15,36,000 பைட். கெர்னல் மெமரியை எண்ணும் அலகான 4,096 பைட் பேஜாக வகுத்தால் மீதமில்லாமல் 375 பேஜ். கேமேலாக் இவ்வளவு பெரிய அளவை நேராகப் பேஜ் அலோகேட்டரிடம் தள்ளிவிடும். அதற்கு இரண்டின் அடுக்குகள்தான் தெரியும். 375-க்கு மேலே உள்ள அடுக்கு 512, அதாவது 2-இன் 9-ஆம் அடுக்கு. பஃபருக்கு 137 பேஜ் சும்மா போகிறது, அது போய்த் தொலையட்டும். அந்த 512 பேஜும் ஒட்டி ஒட்டி ஒரே தொடராகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் கழுத்தைப் பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறிப் பாருங்கள். "பத்து இடம் இருக்கு, ஏறுங்க" என்பார் கண்டக்டர். பொய் சொல்லவில்லை. டிரைவர் பின்னால் ஒன்று, டயர் மேல் ஒன்று, கடைசி வரிசையில் இரண்டு என்று பத்து இடம் இருக்கும். பத்துப் பேரும் அடுத்தடுத்துதான் உட்காருவோம் என்று அடம்பிடித்தால் அந்த பஸ்ஸில் உங்களுக்கு இடம் கிடையாது. உங்கள் 200 எம்பி இப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. பூட் ஆன புதிதில் பஸ் காலி, கேட்டது கிடைத்தது. அரை நாளில் மற்றவர்கள் ஏறி இறங்கி இடத்தைத் துண்டாக்கிவிட்டார்கள். பேனல் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்: 1920×1080 படத்துக்கு 82,94,400 பைட், 2,025 பேஜ். 4 கேபி பேஜ் உள்ள சாதாரண அமைப்பில் பேஜ் அலோகேட்டர் ஒரே துண்டாகக் கொடுப்பதே அதிகபட்சம் 1,024 பேஜ், அதாவது 4 எம்பி. சின்ன பேனலாகப் போனதால் நோய் அரை நாள் மறைந்திருந்தது.

விமேலாக் என்ற இன்னொரு ஃபங்ஷனைப் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். அது சிதறிய பேஜ்களைச் சிபியுவுக்கு மட்டும் தொடராகக் காட்டும். டிஸ்பிளே கன்ட்ரோலருக்கு அந்த ஏமாற்று தெரியாது. அது பௌதிக முகவரியிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். நடுவில் ஐஓஎம்எம்யு என்ற சாதனம் இருந்தால் அது கன்ட்ரோலருக்கும் அதே கண்கட்டைச் செய்து கொடுக்கும், சிதறியிருந்தாலும் பிரச்சினை இல்லை. உங்கள் போர்டில் டிஸ்பிளேவுக்கு அது இல்லையென்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் வழி சிஎம்ஏ.

சிஎம்ஏ என்பது ரயிலில் ரிசர்வேஷன் பெட்டி மாதிரி. பூட் ஆகும்போதே மெமரியில் ஒரு பெரிய தொடரைத் தனியாகக் குறித்துவிடுவார்கள். சும்மா கிடக்க வேண்டாமே என்று மற்றவர்களையும் அதில் உட்கார விடுவார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: எழுப்பினால் எழுந்து வேறு இடம் போகக்கூடியவர்கள் மட்டும்தான் உட்காரலாம். நகர்த்தக்கூடிய பேஜ்களுக்கு மட்டும் அனுமதி. சீட்டுக்காரர், அதாவது உங்கள் டிரைவர், வந்து 375 பேஜ் கேட்டதும் உள்ளே இருப்பவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு இடத்தைக் காலி செய்து கொடுக்கும். லினக்ஸ் 3.5-இல் இது சேர்ந்தது. டிரைவரில் இதை நேராகக் கூப்பிட வேண்டாம். டிஎம்ஏ (சிபியு வழியே போகாமல் சாதனமே மெமரியைத் தொடுவது) அலோகேஷன் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் தேவைப்படும் இடத்தில் அதுவே சிஎம்ஏவிடம் போகும். டிஆர்எம்மில், அதாவது கெர்னலின் கிராபிக்ஸ் டிரைவர் பகுதியில், ஜெம் டிஎம்ஏ ஹெல்பர் என்று ஒன்று தயாராகவே இருக்கிறது (முன்பு சிஎம்ஏ ஹெல்பர் என்ற பெயரில் இருந்தது, பழைய பதிவுகளில் அப்படித்தான் தேட வேண்டும்). உங்கள் டிரைவருக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்.

போகிற போக்கில் ஒன்று. கேமேலாக் கொடுக்கும் மெமரியை யாரும் துடைத்து வைத்திருப்பதில்லை. அதை அப்படியே ஆப்புக்கு எம்மேப் செய்து, அதாவது ஆப் நேராகப் படித்து எழுதும்படி திறந்து, கொடுத்திருந்தால், கெர்னலில் முன்பு அங்கே எது இருந்ததோ அதை ஆப் படித்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டாகக்கூட இருந்திருக்கலாம். டிஎம்ஏ அலோகேஷன் பூஜ்ஜியத்தால் நிரப்பித்தான் தரும். காலேஜ் பிராஜெக்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்தச் சின்னக் கோடுகள். திரையை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, ஒரு கோட்டின் நீளத்தை எண்ணுங்கள். 16 பிக்சல் இருக்கும், அல்லது 16-இன் மடங்கு. எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், 64 பைட் கேஷ் லைனில் 4 பைட் பிக்சல் 16 அடங்கும். (32 பைட் லைன் உள்ள பழைய ஆர்ம் என்றால் 8 பிக்சல்.) ஆப் எழுதிய புதிய படம் சிபியுவின் கேஷில் உட்கார்ந்திருக்கிறது, இன்னும் மெமரிக்கு இறங்கவில்லை. கன்ட்ரோலர் கேஷை எட்டிப் பார்க்காமல் நேராக மெமரியைப் படிக்கிறது. எந்தெந்த லைன் இறங்கிவிட்டதோ அங்கே புதுப் படம், இறங்காத இடத்தில் 16 பிக்சலுக்குப் பழைய படம். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடுவதால் பலர் இதைக் கேபிள் கோளாறு என்று நினைத்துக் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வைத்தியம் இரண்டு வகை. எம்மேப் செய்யும்போதே ரைட்-கம்பைன் என்ற முறையில் கொடுத்தால் சிபியு கேஷில் வைக்காமல், எழுதுவதைக் கொஞ்சம் சேர்த்துச் சேர்த்து மெமரிக்கே அனுப்பும். ஜெம் டிஎம்ஏ ஹெல்பர் வழக்கமாக இதைத்தான் செய்கிறது. எழுதுவது வேகம், ஆனால் அதிலிருந்து படிப்பது ஆமை வேகம். ஆப் திரையில் ஏற்கனவே இருப்பதைப் படித்து அதன் மேல் பாதி தெரியும் நிழல் போடுவது போன்ற வேலை செய்தால் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட ஆப் என்றால் சாதாரண மெமரியில் வரைந்துவிட்டு, மாறிய பகுதியை மட்டும் திரை பஃபருக்கு நகலெடுங்கள். நகலெடுப்பு வீண் செலவு போலத் தோன்றும். அளந்து பார்த்தால் பல நேரம் அதுதான் மலிவு.

வரியின் நீளம் பற்றியும் சொல்ல வேண்டும், உங்களுக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும். 800 பிக்சல் × 4 = 3,200 பைட், 64-ஆல் மீதமின்றி வகுபடும். அதனால் நீங்கள் தப்பித்தீர்கள். 1366×768 பேனல் என்றால் வரிக்கு 5,464 பைட், அது 64-ஆல் வகுபடாது. 64-இன் மடங்கு கேட்கும் கன்ட்ரோலருக்கு டிரைவர் வரியை 5,504 ஆக்கி, பிட்ச் என்ற பெயரில் அந்த எண்ணை ஆப்புக்குத் திருப்பிச் சொல்லும். ஆப் அதைப் பார்க்காமல் அகலத்தை நாலால் பெருக்கி எழுதிக்கொண்டே போனால் வரிக்கு 40 பைட், அதாவது 10 பிக்சல் பின்தங்கும். நேரான செங்குத்துக் கோடு சாய்ந்து இடப்பக்கம் ஓடும். கீழே ஐந்தரை வரி போலக் கறுப்பாகக் கிடக்கும், 768 × 40 பைட் எழுதப்படாமல் போனதால். சாய்ந்த படமும் கீழே கறுப்பும் சேர்ந்து வந்தால் டிரைவரைத் திறக்காதீர்கள், ஆப்பில் பிட்சைத் தேடுங்கள்.

சரி, மூன்றாவதற்கு வருவோம்.

2008-க்கு முன்பு லினக்ஸில் கிராபிக்ஸ் மெமரிக்கு உண்மையில் பொதுவான கணக்கே கிடையாது. திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் சர்வர் பெரிய பண்ணையார் போல ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். 2008-இல் இன்டெலில் இருந்த கீத் பேக்கார்டும் எரிக் ஆன்ஹோல்ட்டும் ஜெம்மைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.6.28 கெர்னலில் அது சேர்ந்தது. தனி விடியோ மெமரி உள்ள கார்டுகளுக்கான டிடிஎம் என்ற இன்னொரு கணக்கு முறை அடுத்த ஆண்டு 2.6.31-இல் வந்தது. இரண்டில் எது நல்லது என்று அப்போது பெரிய வழக்கு. இன்று ஏஎம்டி டிரைவரைத் திறந்தால் ஆப் பக்கம் ஜெம் முகம், உள்ளே டிடிஎம் உடம்பு. வழக்கு அப்படித் தீர்ந்தது.

ஜெம்மின் அடிப்படை எளிது. பஃபர் ஒரு ஆப்ஜெக்ட். அதற்கு ஒரு ரெஃபரன்ஸ் எண்ணிக்கை. யார் பிடித்தாலும் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், பூஜ்ஜியமானால் மெமரி திரும்பிப் போகும். ஆப்புக்கு முகவரி எதுவும் போகாது, ஹேண்டில் என்ற ஒரு சின்ன எண் மட்டும் போகும்.

மீனாட்சியம்மன் கோயிலில் செருப்பு விடும் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வாசலில் 45 வாங்கியவர் தெற்கு வாசலில் போய் 45-ஐ நீட்டினால் வேறு யாருடைய செருப்போ வரும், அல்லது திட்டு வரும். ஹேண்டிலும் அப்படித்தான்: டிஆர்எம் சாதனக் கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தனி வாசல், தனி டோக்கன் வரிசை. உங்கள் 1-ஆம் எண் பஃபரும் பக்கத்து ஆப்பின் 1-ஆம் எண் பஃபரும் வேறு வேறு. அதனால் எண்ணை யூகித்து அடுத்தவர் படத்தை எட்டிப் பார்க்க முடியாது. இதில் உங்களுக்கு முக்கியமான லாபம், ஆப் செத்தால் அந்த வாசலையே மூடி அதன் டோக்கன் எல்லாவற்றையும் கெர்னல் தானே விட்டுவிடும். உங்கள் கேமேலாக்குக்கு இப்படி ஒரு வாசல் இல்லை. ஆப் போனது அதற்குத் தெரியவே தெரியாது. மெமரி திரும்பாததற்கு இதுதான் காரணம்.

பஃபரை இன்னொரு ஆப்புக்கோ இன்னொரு சாதனத்துக்கோ கொடுக்க வேண்டுமென்றால்? ஆரம்பத்தில் ஃபிளிங்க் என்று ஒரு வழி இருந்தது: எல்லோருக்கும் பொதுவான ஒரு எண். எண்ணைச் சொன்னால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதனால் யூகிப்பவனும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் போகாதீர்கள். இப்போதைய வழி டிஎம்ஏ-பஃப், 2012-இல் 3.3 கெர்னலில் வந்தது. பஃபர் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக (திறந்த கோப்புக்கு அந்த ஆப்புக்குள் மட்டும் செல்லும் எண்) மாறும், அதை நீங்களே கையில் கொடுத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். கேமரா டிரைவர் எடுத்த படத்தை நகலெடுக்காமல் அப்படியே திரையில் காட்டுவது இதனால்தான் முடிகிறது.

ஆகவே ஒரே பஃபரைப் பிடிக்கும் கைகள் பல. ஹேண்டில் ஒரு கை. எம்மேப் இன்னொரு கை, ஹேண்டிலை மூடினாலும் எம்மேப் இருக்கும் வரை மெமரி போகாது. திரையில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தால் ஃபிரேம்பஃபர் (எந்த பஃபரைத் திரையில் காட்டுவது என்ற கெர்னல் பதிவு) ஒரு கை வைத்திருக்கும், அது இல்லாவிட்டால் ஓடும் படத்தின் காலடியில் இருக்கும் மெமரியை யாராவது உருவிவிடுவார்கள். டிஎம்ஏ-பஃப் ஏற்றுமதி ஒரு கை. இவை போக, ஐஆக்டல் (ஆப் டிரைவரிடம் வேலை சொல்லும் அழைப்பு) ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சில மைக்ரோ செகண்டுக்கு டிரைவரே பிடிக்கும் கை. எனக்கு வினை இந்தக் கடைசிக் கையில் வந்தது.

சில வருடங்களுக்கு முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு விலைப் பலகை செய்து கொடுத்தேன். உங்களுடையது போலவே 800×480 திரை. மல்லி, பிச்சி, சம்பங்கி, செவ்வந்தி, எதிரே கிலோ விலை. விடியற்காலை போட்டு மத்தியானத்துக்குள் அணைத்துவிடுவார்கள். ஒரு மாதம் பிரச்சினையே இல்லை. அப்புறம் ஒரு நாள் போன்: "சார், மல்லி விலை மாட்டிக்கிச்சு, மாறவே மாட்டேங்குது." நான் போய்ச் சேர்வதற்குள் பிளக்கைப் பிடுங்கிச் சொருகிவிட்டார்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து மறுபடி. அதன் பிறகு மறுபடி. கடைப் பையன்தான் கண்டுபிடித்தான்: "முகூர்த்த நாள்லதான் சார் நிக்குது."

முகூர்த்த நாளுக்கும் கெர்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரித்தேன். சம்பந்தம் இருந்தது. சாதாரண நாளில் காலை முழுவதும் விலை பதினைந்து இருபது தடவை மாறும். முகூர்த்த நாளில் வியாபாரிகள் போட்டி போடுவதால் அரை மணிக்குள் அவ்வளவு மாறிவிடும். என் ஆப் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பஃபர் ஒன்றைக் கேட்டு, வரைந்து, காட்டி, பழையதை விட்டுவிடும். எங்கோ மாற்றத்துக்கு ஒரு பஃபர் வீதம் ஒழுகிக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் ஒழுகல் நிரம்புவதற்குள் மத்தியானம் வந்துவிடும், பலகையை அணைத்துவிடுவார்கள்.

வீட்டில் போர்டை மேசையில் வைத்து, ப்ராக் மெம்இன்ஃபோவில் சிஎம்ஏஃப்ரீ என்ற வரியைப் பார்த்துக்கொண்டே விலையை மாற்றினேன். ஒவ்வொரு தட்டுக்கும் எண் குறைந்தது, ஏறவே இல்லை. ஆப்பைக் கொன்றேன். அப்போதும் ஏறவில்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள், இந்தப் பிழையில் எனக்குக் கிடைத்த பெரிய கருவி இதுதான். ஆப்பைக் கொன்றதும் மெமரி திரும்பினால் பிழை ஆப்பில்: ஹேண்டிலை மூடவில்லை, அல்லது எம்மேப்பை விடவில்லை. கொன்ற பிறகும் திரும்பவில்லை என்றால், அந்த பஃபரை வேறு எந்த ஆப்பும் பிடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டிரைவரைச் சந்தேகப்படுங்கள்.

டிரைவரில் நானே சேர்த்த ஐஆக்டல் ஒன்று இருந்தது: ஹேண்டிலையும் ஒரு சதுரத்தையும் வாங்கிக்கொண்டு அந்தச் சதுரத்தை மட்டும் பேனலுக்கு அனுப்பும். ஹேண்டிலை வைத்து ஆப்ஜெக்டைத் தேடினால் தேடும் ஃபங்ஷனே ரெஃபரன்ஸை ஒன்று கூட்டித்தான் கொடுக்கும். வேலை முடிந்ததும் புட் சொல்லிக் குறைக்க வேண்டும். கடைசி வரியில் புட் இருந்தது. ஆனால் நடுவில் 'சதுரம் காலியாக இருந்தால் வேலை இல்லை, வெற்றி என்று திரும்பு' என்று அழகாக ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வழியில் புட் இல்லை. ஆப்போ ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் முதலில் காலிச் சதுரம் ஒன்றை அனுப்பித்தான் டிரைவர் தயாரா என்று கேட்கும். என் சோதனை புரோகிராம் எப்போதும் முழுத் திரையை அனுப்பியதால் அந்த வழியில் கால் வைத்ததே இல்லை. பிழை என்று திரும்பும் வழிகளை எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். வெற்றி என்று சீக்கிரம் திரும்பும் வழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு கணக்கு மட்டும் இடித்தது. சிஎம்ஏ 64 எம்பி, அதாவது 16,384 பேஜ். 375-ஆல் வகுத்தால் 43 பஃபர் வர வேண்டும். எனக்கு 30-ஐத் தொட்டதும் நின்றது. ஒரு ராத்திரி முழுவதும் இன்னொரு ஒழுகல் இருப்பதாக நினைத்துத் தேடினேன். ஒழுகல் இல்லை. வழக்கமான அமைப்பில் சிஎம்ஏ இவ்வளவு பெரிய துண்டை 256 பேஜ், அதாவது 1 எம்பி எல்லையிலிருந்துதான் தொடங்கும். முதல் பஃபர் 0 முதல் 374 வரை. அடுத்தது 375-இல் தொடங்க முடியாது, 512-க்குப் போகும். ஆக ஒவ்வொன்றும் நடைமுறையில் 2 எம்பி சாப்பிடும், 64-இல் 32 தான் அடங்கும், அதில் இரண்டு திரைக்கே போய்விட்டன. கேமேலாக்கில் வீணாகப் போன அதே 137 பேஜ் இங்கேயும் வந்து நிற்கிறது, பாருங்கள். சின்னதாக வேறு யாராவது கேட்டால் அந்த இடைவெளி பயன்படும். என் போர்டில் கேட்க ஆள் இல்லை.

ஹேண்டில் உருவாக்கும்போது விழக்கூடிய இன்னொரு குழியையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொந்தமாக ஐஆக்டல் எழுதுவீர்கள் என்று தெரிவதால். ஆப்ஜெக்ட் உருவாக்கும்போது எண்ணிக்கை 1, அது உங்கள் கை. ஹேண்டில் போட்டதும் 2. பிறகு நீங்கள் புட் சொன்னால் ஹேண்டிலின் கை மட்டும் மிஞ்சும். அதுவரை சரி. ஆனால் பலர் புட் சொன்ன பிறகு ஆப்ஜெக்டிலிருந்து அளவை எடுத்து ஆப்புக்குத் திருப்புவார்கள், 'ஹேண்டில்தான் இருக்கிறதே' என்ற தைரியத்தில். ஹேண்டில் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாகப் போகும். அதே ஆப்புக்குள் இணையாக ஓடும் இன்னொரு திரெட் அடுத்த எண்ணை யூகித்து மூடு, மூடு என்று தட்டிக்கொண்டே இருந்தால், எண் அதற்குத் திரும்பிச் சேர்வதற்கு முன்பே ஹேண்டில் போய்விடும். நீங்கள் படிப்பது விடப்பட்ட மெமரி. நல்ல ஆப் இப்படிச் செய்யாது, கெட்ட ஆப் இதைத்தான் முதலில் செய்யும். தேவையான எண்கள் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, புட்டை ஆக கடைசியில் சொல்லுங்கள்.

ஜிபியு உள்ள போர்டுக்குப் போகும் நாளில் நேரமும் கணக்கில் சேரும். ஆப் பஃபரை விட்டுவிட்டது, ஆனால் ஜிபியு இன்னும் அதில் எழுதிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஃபென்ஸ்: வேலை முடிந்ததும் தட்டிச் சொல்லும் ஒரு அடையாளம், பஃபரோடு கட்டி வைக்கப்படும். தனி விடியோ மெமரி நிரம்பினால் டிடிஎம் வெகு நாள் தொடாத பஃபரைச் சாதாரண மெமரிக்கு ஏற்றிவிட்டு இடம் பண்ணும். அதற்கு முன் அந்த பஃபரின் ஃபென்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும். பல பஃபர்களை ஒரே நேரத்தில் லாக் செய்யும்போது இரண்டு ஆப்கள் எதிரெதிர் வரிசையில் லாக் பிடித்துத் திண்டாடும், மாசி வீதிகளுக்கு நடுவே குறுக்குச் சந்தில் இரண்டு சுமை ஆட்டோ மூக்கோடு மூக்கு முட்டி நிற்பது மாதிரி. கெர்னலின் டபிள்யூடபிள்யூ மியூடெக்ஸ் இதற்கு வரிசை எண் கொடுக்கிறது: பிந்தி வந்தவர் பிடித்த லாக் அத்தனையும் விட்டுவிட்டுச் சந்து முனைவரை ரிவர்ஸில் போய், மறுபடி வர வேண்டும். வாக்குவாதம் கிடையாது. இன்னொரு கடுமையான விதியும் உண்டு: ஃபென்ஸைத் தட்டும் வழியில் காத்திருக்கக்கூடிய மெமரி அலோகேஷன் செய்யக் கூடாது. மெமரி பற்றாக்குறையில் கெர்னல் உங்கள் பஃபரையே பிடுங்க வந்து அதே ஃபென்ஸுக்காக நிற்கும், நீங்கள் மெமரிக்காக நிற்பீர்கள், இரண்டு பேரும் பொழுது விடியும்வரை நிற்க வேண்டியதுதான்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: கேமேலாக் வரிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு ஜெம் டிஎம்ஏ ஹெல்பருக்கு மாறுங்கள். டம் (dumb) பஃபர், அதாவது சிபியு வரைவதற்கான எளிய பஃபர், உருவாக்குவது, எம்மேப், டிஎம்ஏ-பஃப் மூன்றும் அதிலேயே வந்துவிடும், உங்கள் புரோகிராம் வரிகள் பாதியாகக் குறையும். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக வாங்காமல் இரண்டே பஃபரை வைத்து மாற்றி மாற்றிக் காட்டுங்கள் (நான் இதைச் செய்திருந்தால் பூ மார்க்கெட் கதையே இல்லை). பிறகு ஆப்பை ஓடவிட்டு சிஎம்ஏஃப்ரீயை ஒரு மணி நேரம் ஒரு காகிதத்தில் குறியுங்கள். குறைந்துகொண்டே போனால் ஆப்பைக் கொன்று, அந்த எண் ஏறுகிறதா இல்லையா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். எந்தப் பக்கம் தேடுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.